பெரிய பாதி அக்காவுக்கு

அக்காவின் முதலாமாண்டு நினைவுக்காக டெக்சாஸின் ஆலன் நகரில் அக்கா மகன் வீட்டில் கூடியிருக்கும் சொந்தங்களுக்கும், வர இயலாமல் தபாலில் இந்த நினைவு மலரைப் பெறும் ஊர்க்காரர்களுக்கும் தங்கையின் வணக்கம்.

"சித்தி, அம்மாவைப் பத்தி நீங்கதான் எழுதணும். உங்க அளவுக்கு யாருக்கும் தெரியாது" என்று அக்கா மகன் கேட்டுக்கொண்டான். உண்மைதான். அன்பு வைத்தவர்கள் ஒருவரைப் பாதிதான் பார்ப்பார்கள். பொறாமைப்பட்டவர்கள்தான் முழுசாகப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் அக்காவைப் பற்றி எழுத என்னைவிட்டால் ஆளில்லை.

அக்கா கோவில்பட்டியில், தீப்பெட்டி ஆலையில் கணக்கெழுதிய எங்கள் அப்பாவின் மூத்த மகளாகப் பிறந்தார். இரண்டு வருடம் கழித்து நான். "மூத்தது மோளை, இளையது காளை" என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழமொழி தலைகீழாக நடந்தது. அக்கா ஒரு வயது நிறைவதற்குள் நடந்தாராம். நான் வெகுநாள் உட்கார்ந்தபடியே நகர்ந்து வீட்டைப் பெருக்கினேனாம். அக்காவுக்குப் பால்பல் விழுந்து, புதுப்பல் நூல் பிடித்தாற்போல் முளைத்தது. எனக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது. "பத்து விரலும் ஒண்ணாவாட்டி இருக்கு?" என்று அம்மா ஆறுதல் சொல்வார். அதில் சுண்டுவிரல் யார் என்பதை அவர் சொல்லாமலே நான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் இருவருக்கும் கடலை மிட்டாய் ஒன்றுதான் கிடைக்கும். அக்கா அதைப் பாவாடை நுனியில் பொதிந்து, எச்சில் படாமல் துணியோடு கடித்து இரண்டாக்குவார். காக்கா கடி. கடித்தபின் துணியைப் பிரித்து இரண்டு துண்டுகளையும் தங்கம் நிறுக்கும் தட்டான் பார்ப்பதைப் போலப் பார்ப்பார். பெரியது அவர் வாய்க்குப் போகும். சின்னதை என்னிடம் நீட்டி, "இந்தாட்டி" என்பார். நான் அழுதால், "தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறட்டி" என்று பெரிய மனுஷிபோல் சொல்வார். அந்தச் சின்னப் பாதியைத் தின்றுதான் நான் வளர்ந்தேன்.

வயதுக்கு வருவதிலும் அக்காவுக்கே முந்து. தாய்மாமன் சீர், தாவணி, தினமும் நல்லெண்ணெய் மிதக்கிற உளுந்தங்களி. இடுப்பெலும்புக்கு வலு என்று அம்மா ஊட்டுவார். நான் வாசற்படியில் நின்று வாய் பார்ப்பேன். அக்கா அம்மாவுக்குத் தெரியாமல் ஓர் உருண்டையைப் பிட்டு எனக்குத் தருவார். சின்னப் பாதிதான். அதன் பிறகு எனக்கு வெகுகாலம் ஒன்றும் நடக்கவில்லை. வருகிற அத்தைமார்கள் எல்லாம் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவ இன்னும் இல்லையா?" என்று அம்மாவிடம் கேட்பார்கள். அக்காதான், "அவ நிதானமா வருவா, ஒங்களுக்கு என்ன அவசரம்?" என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்வார். எனக்காகப் பேசுகிறாரே என்று சந்தோஷப்பட வேண்டும். எனக்கோ, அப்படிப் பேசும் தைரியமும் அவருக்கே வாய்த்திருக்கிறதே என்றுதான் தோன்றியது.

கல்யாணமான மறுவருடமே அக்காவுக்கு மகன். வலி கண்டு, காப்பி ஆறுவதற்குள் பிள்ளை பிறந்தது என்று ஆஸ்பத்திரி ஆயா ஊரெல்லாம் சொன்னார். எனக்கு இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கியபோது படுக்கையைவிட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அக்கா தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டு, மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, மாதக்கணக்கில் என் கால்மாட்டில் கிடந்தார். எனக்குத் தலைவாரி, சோறூட்டி, படுக்கையிலேயே துடைத்துவிட்டார். அவர் மகன் என் படுக்கையைச் சுற்றி ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலும் அக்காவுக்குத் தெரியும். ஒருநாள் பையனை என் பக்கத்தில் படுக்கவைத்து, "இவனையும் பாதி வச்சுக்கட்டி" என்றார். அந்தப் பாதிதான் இன்று என்னை எழுதச் சொன்னவன்.

அமெரிக்காவுக்கும் அக்காவே முதலில் வந்தார். மகன் டெக்சாஸில் வீடு வாங்கி அழைத்துக்கொண்டான். வீட்டுக்குப் பின்னால் தோட்டம், அதில் கறிவேப்பிலைச் செடி. அன்று தங்கிய என் மகள் என்னை நியூஜெர்சிக்கு அழைத்தபோது எனக்குக் கிடைத்தது பிளெய்ன்ஸ்பரோவில் மூன்றாம் மாடி அபார்ட்மென்ட். என் கறிவேப்பிலை ஒவ்வொரு பனிக்காலமும் செத்தது. இருவருக்கும் சர்க்கரை வந்தது. தினம் காலையில் விரலைக் குத்தியதும் போன் பண்ணிக்கொள்வோம். "எவ்வளவுட்டி?" என்பார். என் எண்ணைச் சொன்னதும், "எனக்கு ஒன்னைவிடக் கம்மி" என்பார். எப்போதும் கம்மிதான். மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து அவர் மாலில் நடக்கிற வீடியோ வந்த நாளில் நான் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தேன். எழுபது தாண்டியும் அவர் வாயில் இருந்தது சொந்தப் பல். என்னுடையது கட்டிய பல்.

பிறகு ஒருநாள் காலையில் போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். "எவ்வளவுக்கா?" என்றேன். "என்ன எவ்வளவு?" என்று கேட்டார்.

அடுத்து நடந்ததை மற்ற குடும்பங்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று அக்கா மகனே எழுதச் சொன்னான். மறதியைச் சோதிக்க டாக்டர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார், இவன் தமிழில் கேட்டுச் சொன்னான். இது என்ன மாதம் என்றதற்கு அக்கா, "மழை வந்தாத் தெரியும்" என்றார். பெற்ற தாயை வேற்று மனிதர் முன்னால் விட்டுக்கொடுக்க எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? இவன் சரியான மாதத்தைச் சொன்னான். அப்படியே எல்லாக் கேள்விக்கும். அக்கா நல்ல மதிப்பெண்ணோடு வீடு திரும்பினார். அடுத்த வருடம் மொழிபெயர்க்க வெளியாள் ஒருவரை வைத்துக் கேட்டபோதுதான் எவ்வளவு தூரம் போய்விட்டார் என்று தெரிந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போகும்போது அவர்கள் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். மானம் போகாது.

நான் ஆலனுக்கு வந்து சேர்ந்தபோது அக்கா சோபாவில் இருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க, காப்பி சாப்பிடுறீங்களா?" என்றார். பேத்தி என் தோளைத் தட்டி, "சின்னப் பாட்டி, ஷி டசின்ட் நோ யூ டுடே. ட்ரை டுமாரோ" என்றாள். நாளையும் பார்த்தேன். அடுத்த வாரமும் பார்த்தேன்.

அக்காவைக் கவனித்துக்கொள்ள ரோசா என்ற பெண் பகலில் வருவார். மெக்சிகோக்காரர், தங்கமான மனுஷி. அக்கா அவரைக் கூப்பிடுவது எப்படி என்று நினைக்கிறீர்கள்? "தங்கச்சி." அவரும், "வா அக்கா, சாப்பிடு அக்கா" என்று சொல்லக் கற்றுவைத்திருந்தார். முன்னால் வந்த காதைப் பின்னால் வந்த கொம்பு மறைத்த கதைதான். மறதிக்கு மருந்தில்லை என்பதைத் தாங்கிக்கொண்டேன். என் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்ததைத் தாங்க முடியவில்லை. ரோசா பின்னிய சடை கோணல் என்று அவிழ்த்துப் பின்னினேன். பழைய போட்டோக்களைக் கொண்டுவந்து மடியில் பரப்பினேன். அக்கா மரியாதையாகப் பார்த்துவிட்டு, "ஒங்க வீட்டு ஆளுகளா? லட்சணமா இருக்காக" என்றார்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் ரோசாவிடம் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "நான்தான் தங்கச்சி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "யெஸ், யெஸ், தங்கச்சி" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். என் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அக்கா எழுந்து எங்கள் நடுவில் வந்து நின்றார். "அவள வையாதீக. சின்னப் பிள்ள. கொஞ்சம் நிதானமாத்தான் வருவா." அத்தைமாரிடம் எனக்காகப் பேசிய அதே குரல். பேசியது என்னிடம், ரோசாவுக்காக.

அந்த வாரம் ஊரிலிருந்து வந்த ஒருவர் கடலை மிட்டாய்ப் பொட்டலம் கொண்டுவந்தார். அக்காவுக்கு அப்போது விழுங்குவதில் சிரமம் இல்லை. இந்த நிலையில் சர்க்கரைக்காக ஆசைப்பட்டதை மறுக்க வேண்டாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். மருமகள் தட்டில் நான்கைந்து வைத்து அக்கா கையில் கொடுத்தாள். அக்கா முதலில் ஒரு முழு மிட்டாயை எடுத்து ரோசாவிடம் நீட்டினார். முழுசு! எனக்கு வாழ்நாளில் முழு மிட்டாய் கொடுத்தவரில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பின்னால் மளுக்கென்று ஒரு சத்தம். திரும்பினேன். தட்டு நிறைய மிட்டாய் இருக்க, அக்கா ஒன்றை மட்டும் நைட்டி நுனியில் பொதிந்து அந்தச் சொந்தப் பல்லால் கடித்திருந்தார். துணியைப் பிரித்தார். இரண்டு துண்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பெரியதை வாயில் போட்டுக்கொண்டார். சின்னதை என்னிடம் நீட்டினார்.

"இந்தாட்டி."

என் கட்டுப்பல்லுக்கு அது உடையவில்லை. கன்னத்தில் அடக்கிக்கொண்டு கரையும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் என்னை "வாங்க" என்றார், ரோசாவை "தங்கச்சி" என்றார். கூப்பிடட்டும். வந்தவர்களுக்கு முழுசாகக் கொடுப்பதுதான் முறை. கூடப் பிறந்தவளுக்குத்தான் பாதி.

ஒரு வருடத்துக்கு முன், மாசி மாதக் காலையில், மகன் கையைப் பிடித்தபடி அக்கா அமைதியாகக் கண்மூடினார். போவதிலும் முந்திக்கொண்டார்.

அக்காவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட மகனுக்கும் மருமகளுக்கும், கடைசி மாதங்களில் வலியில்லாமல் வைத்திருந்த நர்சுகளுக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்த ஆலன் நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. ரோசாவுக்குத் தனியாக நன்றி. அக்கா உங்களைத் தங்கை என்றார், நானும் அதை மறுக்கவில்லை. ஆகவே நீங்கள் எனக்கும் தங்கை.

இந்த மலரோடு உறைக்கு ஒரு கடலை மிட்டாய் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்றுதான், வேண்டுமென்றேதான். கூடப் பிறந்தவர்களை அழைத்து, துணியில் பொதிந்து கடித்துக்கொள்ளுங்கள். பெரிய பாதியை மூத்தவர்களுக்குக் கொடுங்கள். பொறாமையாகத்தான் இருக்கும். கொடுங்கள்.