நான் வாங்காமல் விட்ட மலையாளப் புத்தகம்

படுக்கையில் கிடந்த அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வலியசாலை வீட்டின் பின்கட்டில் பல வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த அவனுடைய பழைய மோட்டார் சைக்கிள் ஓடும் சத்தத்தை ஒரு தடவை கேட்க வேண்டும். டாக்டர் இரண்டு மாதம் என்று சொல்லியிருந்தார். மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். நானே செய்துகொடுப்பேன் என்று வீம்பு பிடித்தேன்.

ரிப்பேர் புத்தகம் தேடித் தம்பானூரில் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்துப் போட்டார். ஒன்று ஆங்கிலம், புதுக்கருக்கு மாறாதது. மற்றது மலையாளம். அட்டை போய், பக்கமெல்லாம் கிரீஸ் கைரேகை. ஓரங்களில் யாரோ ஒரு மெக்கானிக் பென்சிலால் எழுதிய குறிப்புகள்.

“சாரே, பழைய வண்டியாணெங்கில் இது எடுத்தோளூ,” என்று மலையாளப் புத்தகத்தைத் தட்டினார். ஆங்கிலப் புத்தகம் பின்னால் வந்த மாடலுக்கு என்றும் எச்சரித்தார்.

நான் இந்த மலையாள ஊரிலேயே பிறந்த தமிழன். கழக்கூட்டம் ஏரியாவில் உள்ள ஆபீஸில் நாள் முழுக்க மலையாளத்தில்தான் சண்டை போடுகிறேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் தமிழை எடுத்துத் தப்பித்துக்கொண்டதால், பஸ் போர்டைத் தாண்டி மலையாளம் வாசிக்க வராது. அதைக் கடைக்காரரிடம் சொல்ல வெட்கம். “இங்கிலீஷ் மதி சேட்டா,” அதுவே போதும் என்று பெரிய மனுஷன் மாதிரி ஆங்கிலப் புத்தகத்தை வாங்கிவந்தேன். மாடல் மாறினால் எஞ்சினா மாறிவிடப்போகிறது என்று நினைப்பு.

மாறியிருந்தது. பிளக்கில் எப்போது தீப்பொறி விழ வேண்டும் என்ற அளவே வேறு. புத்தகத்தில் போட்டபடி வைத்து உதைத்தேன். வண்டி இருமியது, காலைத் திருப்பி அடித்தது, பிடிக்கவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் கழற்றுவேன், மாட்டுவேன். உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுப்பான்.

“ஆச்சாடா?”

“நாளைக்கு ஆயிடும்ணா.”

ஆறு வாரம் இதையே சொன்னேன். ஏழாவது வாரம் அவன் கேட்கவில்லை. அந்த வாரமே போய்ச் சேர்ந்தான்.

காரியமெல்லாம் முடிந்தபின் போய் அந்த மலையாளப் புத்தகத்தை வாங்கிவந்தேன். யார் மேல் கோபம் என்று தெரியவில்லை, அவ்வளவு கோபம். பின்கட்டில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தபோது மன்னி வந்தாள், அண்ணன் மனைவி. மலையாள மீடியத்தில் படித்தவள். அது எனக்குத் தெரியாததும் அல்ல. புத்தகத்தை வாங்கிப் பென்சில் குறிப்பைக் கடகடவென்று வாசித்தாள். அவள் சொன்ன அளவில் வைத்தேன். மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது.

மன்னி புத்தகத்தை மூடினாள்.

“அப்பவே எங்கிட்ட குடுத்திருந்தா வாசிச்சுச் சொல்லியிருப்பேனே. ஆத்துலதானே இருந்தேன்.”

வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் சகிக்காமல் நானே அணைத்தேன்.