மூன்று மிதி

பதினோரு வருஷமாக டாக்ஸிக்காரன் மோஹா மேல் எனக்கொரு கோபம். அஸ்ரூ என்ற மலையூரில் மெக்கானிக்கான நான்தான் அவன் வண்டியின் பிரேக்கைச் சரிசெய்தேன். அவனோ அது சீதி பூஷ்தா தர்காவின் அருள் என்று ஊரெல்லாம் சொன்னான்.

அவன் பழைய வண்டியின் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கும். மூன்று தடவை மிதித்தால்தான் பிடிக்கும். அதைத் தன் கால் வித்தை என்று பீற்றிக்கொள்வான்.

அன்று இஃப்ரான் மலைச்சாலை இறக்கத்தில் வண்டிக்குள் ஆறு பயணிகள். முன்சீட்டில் இன்னொருவனோடு நான் நெருங்கி உட்கார்ந்திருந்தேன். வளைவு திரும்பினால் சாலை முழுக்க ஆடுகள். மோஹா மிதித்தான். மிதி தரைவரை போனது. இரண்டாவது மிதியும் போனது.

"மிதிடா மூதேவி!" என்று கத்தினேன்.

"மிதிச்சிட்டுத்தான் இருக்கேன், வாயை மூடு மேஸ்திரி!"

மூன்றாவது மிதி பிடித்தது. ஓர் ஆட்டின் ரோமம் பம்பரில் உரச வண்டி நின்றது. பின்சீட்டில் யாரோ அழுதார்கள்.

மறுநாள் உப்பிப்போன ரப்பர் குழாய்களை மாற்றி, பழைய பிரேக் ஆயிலை வடித்து, உள்ளே இருந்த காற்றையெல்லாம் வெளியேற்றினேன். மிதி கல் மாதிரி நின்றது. அவன் நேரே தர்காவுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினான்.

கண் மங்கிப்போனதால் வண்டியை மருமகனிடம் கொடுக்க இருந்த மோஹா, போன மாதம் முதலில் என் கடைக்கு வந்தான்.

"ஏன், தர்காவுக்குப் போகலையா?" என்றேன்.

"வாயை மூடு மேஸ்திரி. ஏறி உட்காரு. ஒரே ஒரு தடவை மிதி. நிக்குதான்னு சொல்லு."