இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீர்

மோகனா ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். பத்தொன்பது வருஷமாக, தைத்து வரும் ஜோடிகளைப் புரட்டிப் பிசிறு பார்ப்பதுதான் பிழைப்பு. புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். விடியலில் எழுந்து அத்தனை பேருக்கும் ஆக்கி வைத்துவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறுவாள். அவள் வாய்விட்டுக் கேட்ட ஆசை ஒன்றுதான்: ராமேஸ்வரத்துச் சாமியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

போன மாதம் மூன்று நாள் லீவு கிடைத்தது. அண்ணி சௌந்தரமும் கூட வந்தாள். பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியதும், "கடல பாருடி" என்று அண்ணி இடித்தாள். மோகனா அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். பாவம், உட்கார இடம் கிடைத்ததே அவளுக்குப் பெரிய விஷயம்.

கடலில் முழுகி, ஈரச் சேலையோடு கோயிலுக்குள் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் ஊற்றிக்கொள்வது அந்தத் தீவின் வழக்கம். இருபத்திரண்டு கிணறு. மேலே நிற்கிறவர் வாளியால் மொண்டு தலையில் கொட்டுவார். பத்தாவதிலேயே மோகனாவுக்குக் கால் துவண்டுவிட்டது. எப்படியோ முடித்து, அறைக்குப் போய் உலர்ந்த சேலை மாற்றி, சாமி பார்க்க வாசலுக்குத் திரும்பினார்கள்.

வாசலோரம் செருப்புகள் குவிந்து கிடந்தன. இரண்டு இடது கால் செருப்பு சேர்ந்து கிடப்பது மோகனா கண்ணில் பட்டது. யோசிக்கவே இல்லை. குனிந்து, ஜோடி தேடிச் சேர்த்து, அடியைத் திருப்பித் தையலையும் பார்த்துவிட்டாள்.

"அய்யோ, இன்னாடி பண்ற! தீர்த்தமாடிட்டு ஊரான் செருப்ப தொட்டுட்டியே. இந்தக் கையோட சாமிகிட்ட வராத. தீட்டு. நீ இங்கியே இரு, நான் மட்டும் பாத்துட்டு வர்றேன்."

மறுபடி இருபத்திரண்டு கிணறு சுற்ற மோகனாவுக்குத் தெம்பில்லை. கோபப்படவும் தெம்பில்லை.

"இந்தக் கையாலதான அண்ணி தெனமும் ஒங்களுக்கு ஆக்கிப் போட்றேன்? ஒரு நாளும் தீட்டுன்னு சொல்லலியே."

மோகனா அண்ணியைத் தாண்டித் தனியாக உள்ளே போனாள்.

சந்நிதியில் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. "ரொம்ப அசதியா இருக்குது சாமி" என்று மட்டும் சொன்னாள். அதை அதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.