பக்கத்து வீட்டுக்கான செபம்

செபம் முடிந்து மெழுகுவத்தியை ஊதினேன். அந்தப் புகை வாசம் என்னைச் சூலியா தெருவுக்குப் பின்னால் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய அறைக்குக் கொண்டுபோனது.

அங்கே அறைகளுக்கு நடுவே வெறும் பலகைச் சுவர்தான். காலையில் குழாயடியில் தன்னோடு சண்டை போட்ட பக்கத்து அறை லட்சுமி அக்காவுக்காக, அன்று மாலை அம்மா முழங்காலிட்டு வேண்டினார். உடனே லட்சுமி அக்கா கதவைத் தட்டினார்.

"என் பேரச் சொல்லி சாமிகிட்ட கோள் மூட்டுறியா?"

"இல்லலா அக்கா, உங்க முட்டிவலி போகணும்னு கேட்டேன்."

லட்சுமி அக்கா எங்கள் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

என் பதவி உயர்வு, மகளின் பரீட்சை, என் சர்க்கரை வியாதி. இன்றைய என் செபம் வீட்டு வாசலைத் தாண்டவேயில்லை. எனக்குக் கூசியது. நேற்று ஆம்புலன்ஸில் போன பக்கத்து வீட்டு அம்மாவுக்காக வேண்டலாமென்று மறுபடி முழங்காலிட்டேன். பத்து வருடமாக அங்கே இருக்கிறார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை.