பதினாலாம் எதிரி நட்ட நெல்

போலீஸ் எழுதிய பட்டியலில் தன் பெயரைத் தானே கேட்டுச் சேர்த்துக்கொண்டவள் இந்த மாவட்டத்திலேயே வீராயி ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஏட்டையா அவளைத் தாண்டிப் போய்விட்டார். பேசாமல் இருந்திருந்தால் அவள் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பாள். இருந்தால்தானே! உட்கார்ந்திருந்த பெண்களை விலக்கிக்கொண்டு ஓடி, "சார், என்னை வுட்டுட்டுப் போறீங்களே! வீராயி, வூட்டுக்காரர் பேரு கலியன், ஆலங்கொல்லை காலனி. ஒழுங்கா எழுதிக்குங்க," என்று ஆதார் அட்டையையும் எடுத்து நீட்டினாள். அவர் அவள் முகத்தை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். பதினாலாவது பெயர்.

அசடு என்று சிரிக்க வேண்டாம். சுரங்கத்துக்கு நிலம் எடுக்க ஆரம்பித்ததிலிருந்து ஆலங்கொல்லைக்குள் எத்தனை லிஸ்ட் வந்தது தெரியுமா? நிலம் கொடுத்தவர் லிஸ்ட், வீடு போனவர் லிஸ்ட், கிணறு போனவர் லிஸ்ட். பலா மரத்துக்குக்கூடத் தனி லிஸ்ட் போட்டார்கள். முப்பது வருஷம் அந்த வயல்வெளியில் குனிந்து நாற்று நட்ட வீராயி எதிலும் இல்லை. "உன் பேர்ல பட்டா இருக்காம்மா? இல்லையா? அப்புறம் உனக்கென்ன நஷ்டம்?" என்று ஒரு அதிகாரி நேராகவே கேட்டார். அன்றிலிருந்து யார் பேனாவும் பேப்பருமாய் நின்றாலும் அவள் போய் நிற்பாள். எவன் எழுதினாலும் நம்ம பேர் விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

அன்றைக்கு நடந்தது இதுதான். சிவப்பிரகாசம் என்பவரின் ஒன்றரை காணியில் குறுவை நெல் பால் பிடித்து நின்றது. நடவு முழுக்க வீராயியும் அவள் கூட்டிக்கொண்டு வந்த பதிமூன்று பெண்களும் நட்டது. விடிந்தும் விடியாமலும் சுரங்கத்துக்கு வாய்க்கால் வெட்டப் பொக்லைன் வண்டிகள் வந்தன. சத்தம் கேட்டு ஓடியவள், ராட்சச வாளி ஒன்று கதிரோடு சேர்த்து மண்ணை வாரிக் கொட்டுவதைக் கண்டாள். வயிற்றெரிச்சல் தாங்காமல் பயிருக்குள் இறங்கி வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள். அவளைப் பார்த்து, கூட நட்ட அந்தப் பெண்களும் ஓடிவந்து இறங்கினார்கள். எல்லோரையும் வேனில் ஏற்றிப் போய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். மத்தியானம் சாம்பார் சாதம் போட்டார்கள். சாதம் போட்ட கையோடு பெயர் எழுத வந்தார்கள். நிவாரணத்துக்குத்தான் எழுதுகிறார்கள் என்று நினைத்தாள் வீராயி. யார்தான் நினைக்க மாட்டார்கள்?

நிலத்துக்காரர் சிவப்பிரகாசம் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் வரப்பிலேயே நின்றுகொண்டார். பிறகு அவருக்குப் பணமும் வந்தது, மகனுக்கு கான்ட்ராக்டில் வேலையும் கிடைத்தது. நல்ல மனுஷர்தான், எங்கே பார்த்தாலும் "என்னா வீராயி, சௌக்கியமா?" என்று கேட்பார்.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. வயல்வெளியும் போய், காலனியும் பாதி காலியானபின் வீராயி மகள் வெண்மதியோடு வடக்குத்து என்ற பக்கத்து ஊரில் ஒற்றை அறைக்குக் குடிவந்தாள். புருஷன் கலியன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டான். வெண்மதி ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தாள். வீராயி முந்திரி உடைக்கப் போனாள். முந்திரி ஓட்டுப் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கருத்து உரிந்தது. சோற்றில் கை வைத்தால் காந்தும். காந்துகிற கையோடு தின்றால் சோறு என்ன ருசி இருக்கும்?

சுரங்கத்து டவுன்ஷிப்புக்குள் ஆபீஸ் பிளாக் பெருக்கித் துடைக்கும் கான்ட்ராக்டில் ஒரு இடம் இருந்தது. பி.எஃப். உண்டு, மழை வெயில் இல்லை. அங்கே சூப்பர்வைசராக இருந்த சங்கீதா நல்ல பெண். "அக்கா, உங்களுக்காகச் சொல்லி வெச்சிருக்கேன். கேட் பாஸுக்குப் போலீஸ்ல சர்டிபிகேட் மட்டும் வாங்கிகினு வந்துடுங்க," என்றாள். ஸ்டேஷனில் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தவர், "உம்மேல கேஸ் இருக்கேம்மா. அரசுப் பணியைத் தடுத்தது. முடிச்சிகினு வா," என்றார். அதாவது, அந்தப் பாழாய்ப்போன பதினாலாவது பெயர்.

வக்கீல் கருணாகரன் கட்சிக்காரர்களிடம் சத்தம் போட்டே பழகியவர், ஆனால் இந்தப் பதினாலு பேரிடம் ஃபீஸ் கேட்டதில்லை. "ஒத்துக்கிட்டா அபராதத்தோட இன்னைக்கே முடிஞ்சிடும். ஆனா தண்டனைன்னு பதிவாயிடும். பாஸை மறந்துட வேண்டியதுதான். விடுதலைன்னு தீர்ப்பு வந்தாத்தான் உங்களுக்கு வேலை," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சரி, நடப்போம் என்று நடந்தாள். ஒரு வாய்தாவுக்கு அரசுத் தரப்பு வக்கீல் வரவில்லை. ஒரு வாய்தாவுக்கு வந்தார், கேஸ் கட்டு வரவில்லை. அடுத்ததற்குக் கட்டு வந்தது, இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்திரிக் கூலி ஒரு நாள் போகும். சங்கீதா மூன்று தரம் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்து, அந்த ஆள் வேலையை விட்டு நின்றதும் மறுபடி சொல்லி அனுப்பினாள். "இந்தத் தடவைதான்க்கா கடைசி, மேல கேக்கறாங்க," என்றாள்.

இப்போதுதான் செங்குட்டுவன் வந்து சேர்ந்தார். சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆளாக இருந்து ரிட்டையர் ஆனவர். சங்க ஆபீஸ் நாற்காலியை மட்டும் இன்னும் விடவில்லை. எம்.பி.யின் உதவியாளரைத் தெரியும் என்பது அவருக்குப் பெரிய பெருமை. "பார்லிமென்ட்லயே கேள்வி கேக்க வெக்கறேன். மந்திரி பதில் சொல்லியே ஆவணும். விளைஞ்ச நெல்லை அழிச்சது உண்மைன்னு அவர் வாயால வந்துடுச்சின்னா, கேஸை வாபஸ் வாங்காம எங்க போவாங்க?" என்றார். வீராயி எல்லாவற்றையும் சொன்னாள். நெல் போனது, வழக்கு வந்தது, கோடையில் ஏரியில் இறங்கிப் பிடிக்கும் கெண்டையும் விராலும் மண் மூடிச் செத்தது. செங்குட்டுவன் ஆறு பக்கம் எழுதினார்.

எம்.பி. ஆபீஸிலிருந்து திரும்ப போன் வந்தது. இப்படியெல்லாம் ஒரே கேள்வியாகக் கேட்க முடியாதாம். நெல் ஒரு அமைச்சகம், மீன் ஒரு அமைச்சகம், வழக்கு வேறொன்று. வீராயி நின்றது ஒரே வயலில், ஒரே காலையில். அதை மூன்றாகக் கிழித்தார்கள். அதற்கும் மேல் குலுக்கல் வேறு இருந்ததாம். குலுக்கல் சீட்டு மாதிரிக் குலுக்கி எடுத்துத்தான் கேள்வியை ஏற்பார்கள் என்று செங்குட்டுவன் சொன்னபோது, "நெசமாவா?" என்று கேட்டாள் வெண்மதி. வழக்குக் கேள்வி, அது மாநில அரசின் விஷயம் என்று திரும்பிவிட்டது. நெல்லும் மீனும் தேறின.

பதில் வந்த அன்று வெண்மதி அதைக் கடையிலேயே பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். வீராயி கை காந்தக் காந்தச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மீனுக்குத்தான் எவ்வளவு மரியாதை! ஒன்பது பக்கம். நாட்டின் மொத்த உற்பத்தி எத்தனை லட்சம் டன், போன வருஷத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல், எந்த எந்தத் திட்டம், மாநிலவாரியாக இணைப்பு. ஆலங்கொல்லை ஏரி அந்த ஒன்பது பக்கத்தில் எங்கும் இல்லை.

"அதைத் தூக்கி அந்தாண்ட போடுடி. நெல்லைப் படி," என்றாள் வீராயி.

நெல்லுக்கு அரைப் பக்கம். வெண்மதி இரண்டு தரம் தனக்குள் படித்துவிட்டுத்தான் வாய் திறந்தாள். (அ) ஆலங்கொல்லை கிராமத்தில் விளைந்து நின்ற நெற்பயிர் அழிக்கப்பட்டது உண்மையா? விடை: இல்லை. பணி தொடங்கியபோது அந்நிலத்தில் பயிர் எதுவும் இருக்கவில்லை. (ஆ) முதல் (ஈ) வரை: மேற்கண்ட விடையைக் கருதி, இவ்வினாக்கள் எழவில்லை.

"எழவில்லைன்னா?"

"முதல் கேள்விக்கே இல்லன்னு சொல்லிட்டதால, மத்ததைக் கேக்க வேண்டியதே இல்லைன்னு அர்த்தம்மா."

வீராயிக்கு வந்தது பாருங்கள், ஒரு ஆங்காரம்! "கட்டையில போறவனுங்க! பயிர் இல்லையாமே? அப்ப அந்த வாளியில வாரிக் கொட்டுனது என்னா, அவன் தாடியா? பதினாலு பேரு முதுகு ஒடிய நட்டது என்னாடி?" பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வெண்மதிதான் கதவைச் சாத்தினாள். சோறு குழைந்துபோனதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் கருணாகரன் அந்தத் தாளைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அடடா! இது தங்கம்மா, தங்கம்! குற்றப்பத்திரிகையில என்ன எழுதியிருக்கான்? 'எதிரிகள் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் சட்டவிரோதமாகக் கூடி நின்று இயந்திரங்களைத் தடுத்தனர்.' மந்திரி என்ன சொல்றார்? பயிரே இல்லைங்கறார். பயிரே இல்லாத இடத்துல நீங்க பயிருக்குள்ள எப்படி நின்னீங்க? கேஸோட அடியே ஆட்டம் கண்டுடுச்சு. அடுத்த வாய்தாவுக்கு ஜட்ஜ் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுக் கேப்பார். 'பொய் வழக்குங்க, அங்க பயிரும் இல்ல, நாங்க நிக்கவும் இல்ல.' இதை மட்டும் சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கறேன். ஒரே மாசத்துல விடுதலை."

மற்ற பதிமூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். பாவம், அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. செங்குட்டுவனுக்கு ஒரே பூரிப்பு. "பாத்தியா, கேள்வி வேலை செஞ்சிடுச்சில்ல," என்றார். சங்கீதாவுக்கு வெண்மதி போன் போட்டாள். "ஒரு மாசம்னா நான் எப்படியாவது தாக்காட்டி வெக்கறேன்," என்றாள் அவள். வீராயியும் தலையை ஆட்டத்தான் செய்தாள். வாய்தா வரைக்கும் பதினோரு நாள், வெண்மதி எதைக் கேட்டாலும் 'உம்' என்றே பதில் சொன்னாள்.

வாய்தா நாள். சலவைச் சேலை கட்டிக்கொண்டு போனாள். பதிமூன்று பேரும் வரிசையாய் ஏறி, சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். பயிர் இல்லைங்க. பயிர் இல்லைங்க. அவளோடு வரிசையில் நின்று நட்ட கை எல்லாம் ஒவ்வொன்றாய் இல்லை என்றது. பதினாலாவதாக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கனம் நீதிபதி சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். குற்றச்சாட்டை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். "நெற்பயிருக்குள்ள நின்னு வேலையைத் தடுத்தீங்கன்னு சொல்றாங்க. என்னம்மா சொல்றீங்க?"

கருணாகரன் பின்னாலிருந்து செருமினார்.

"ஆமாங்க," என்றாள் வீராயி. "நெல்லு இருந்துச்சுங்க. பால் புடிச்சி, பிதுக்குனா வெள்ளையா வந்துகினு இருந்துச்சு. இன்னும் இருவது நாளுல அறுத்திருப்போம். நான் அதுக்குள்ளதாங்க நின்னுகினு இருந்தேன். தடுத்தேன். எழுதிக்குங்க."

கருணாகரன் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீதிபதி கையமர்த்திவிட்டு, "யோசிச்சுச் சொல்லும்மா. ஒத்துக்கிட்டா தண்டனை உண்டு. யாராவது மிரட்டினாங்களா?" என்று கேட்டார். "யாரும் மெரட்டலிங்க. நான்தாங்க நட்டேன்," என்றாள்.

வெளியே வேப்ப மரத்தடியில் கருணாகரன் வாய்க்கு வந்தபடி திட்டினார். "உனக்கென்ன பைத்தியமா? கைக்கு வந்த விடுதலைம்மா! எத்தனை வாய்தா உனக்காக நடந்தேன்!"

"நட்டவ நானுங்க," என்றாள் வீராயி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "டெல்லியில இருக்கறவன் இல்லன்னு சொல்லுவான், அவன் பாத்தானா? நானும் இல்லன்னா அப்புறம் அது இருந்துச்சின்னு சொல்ல யாருங்க இருக்கா? கவர்மென்ட் பேப்பர் ஒண்ணுலயாவது இருந்துட்டுப் போவட்டுமே."

அவர் அதற்குமேல் திட்டவில்லை. கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மற்றவர்களோடு பஸ்ஸுக்கு நிற்க மனமில்லாமல் வீராயி நடந்தே வீட்டுக்குப் போனாள்.

பதிமூன்று பேருக்கும் அடுத்த மாதமே விடுதலை வந்தது. சங்கீதா அந்த இடத்துக்கு அவர்களில் ஒருத்தியையே எடுத்துக்கொண்டாள்.

வீராயியின் தீர்ப்பு நகலை வெண்மதி வாங்கி வந்தாள். ஒரே தாள். வீராயி முந்திரி வேலை முடிந்து வந்து, கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "படி," என்றாள். மகள் படித்தாள். "பதினான்காம் எதிரி குற்றத்தைத் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டார். அபராதம் விதிக்கப்பட்டது. செலுத்தினார்."

"நெல்லுன்னு போட்டிருக்கற எடத்தைப் படி."

வெண்மதி தாளை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள். அங்கே நகல் பிரிவின் முத்திரை மட்டும்தான் இருந்தது.

"நெல்லுன்னு எங்கயும் இல்லம்மா," என்றாள்.