முகம் பாராமல் தூக்கிச் சென்ற பிள்ளை

1. தாழ்ப்பாள்

லேபர் ரூமில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலை, கதவைத் தாழ்ப்பாள் போடுவது. இப்போது நர்ஸ் படிப்புக்குப் போகிற பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தென்கோடியில் நான் ப்ரோபேஷனராக, அதாவது பயிற்சி நர்ஸாகச் சேர்ந்த மிஷன் ஆஸ்பத்திரியில் அதுதான் முறை. பிரசவிக்கிறவள் உள்ளே, அவளுடைய ஆட்கள் வெளியே வேப்பமரத்தடியில்.

"சொந்தக்காரங்கள உள்ள விட்டா கிருமியும் கூட வரும், ஒப்பாரியும் கூட வரும்" என்பார் மேட்ரன். கிருமியைப் பற்றி அவர் சொன்னது சரிதான். ஒப்பாரியைப் பற்றி எனக்கு அப்போது அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. எனக்குப் பத்தொன்பது வயது. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கசங்காமல் நடக்க வேண்டும் என்பதுதான் என்னுடைய அன்றைய பெரிய கவலை.

அந்த முதல் நாள் காலையிலேயே, இரண்டு நாள் வலி தின்ற ஒருத்திக்கு ஆண் பிள்ளை இறந்து பிறந்தது. கழுத்தில் தொப்புள்கொடி மூன்று சுற்று. டாக்டரம்மா செய்யக்கூடியதையெல்லாம் செய்தார். அதில் யார் மீதும் நான் குற்றம் சொல்லமாட்டேன். மேட்ரன் பிள்ளையை வெள்ளைத் துணியில் தலையோடு பொதிந்து என் கையில் வைத்தார்.

"பொதைக்கதுக்குத் தோட்டக்காரன்ட்ட கொண்டு குடு. மொகத்தப் பாக்காத. பாத்தியானா நாளைக்கு வேலைக்கு வரமாட்ட."

நான் சொன்ன பேச்சுக் கேட்கிற பெண். பார்க்கவில்லை. மேசையில் கிடந்த தாயையும் பார்க்கவில்லை. அவள் என்னமோ கேட்டாள். "பேசாமப் படு" என்று மேட்ரன் அதட்டியதுதான் என் காதில் விழுந்தது. இரண்டு கையும் நிறைந்திருந்ததால் தாழ்ப்பாளை முழங்கையால் தட்டித் திறந்துகொண்டு வெளியே போனேன். மறுநாள் ஒழுங்காக வேலைக்கு வந்தேன். "கெட்டிக்காரி" என்று மேட்ரன் மெச்சினார். எனக்கு ஒரே பெருமை.

2. "வீட்டுலன்னா நீங்க வாங்க"

ஐந்து வருஷம் கழிந்தது. மிட்வைஃப் சர்ட்டிபிகேட் வாங்கியபின் என்னைக் கொட்டாரம் பக்கத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். வீடு வீடாகப் போய் கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும். சாதாரணக் கேஸ் என்றால் வீட்டிலேயே பிரசவம் பார்க்கலாம். சந்தேகம் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அப்படி ஒரு நாள் டாக்டரம்மாவின் சீட்டு வந்தது. செல்லத்தாய், இரண்டாவது பிரசவம், முதல் பிள்ளை இறந்து பிறந்தது, ஆஸ்பத்திரிக்கே கூட்டிவரவும், வீட்டில் கூடாது. 'கூடாது' என்பதன் அடியில் இரண்டு கோடு.

செல்லத்தாய்க்குத் தாய் இல்லை. அதனால் பேறுகாலத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணன் சிவதாணுவுக்கு நெல் விவசாயம். மாசி மாதக் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து முற்றமெல்லாம் வைக்கோல் கிடந்தது. நான் வேதக்காரி, கிறிஸ்தவச்சி என்பதற்காக அந்த வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி என்று வாயைத் திறந்ததும் சிவதாணுவின் முகம் மாறிவிட்டது.

"நாங்களும் சொல்லிப் பாத்தாச்சு நர்ஸம்மா. அவ வரமாட்டேன்னு ஒரே பிடியா நிக்கா. உங்க ஆஸ்பத்திரிலதான் தலப்பிள்ள போச்சு."

"எப்போ?"

"அஞ்சு வருசம் இருக்கும். ஆனி மாசம். ரெண்டு நாளு வலியில கெடந்தா."

ஆனி மாதம்தான் நான் வேலைக்குச் சேர்ந்தது. மனசுக்குள் கணக்குக் கூட்டிப் பார்த்தேன், பிறகு இன்னொரு தடவையும் கூட்டிப் பார்த்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சிவதாணுவின் பெண்டாட்டி பகவதி, செல்லத்தாய்க்கு மைனி, அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றபடி பேசினாள். பெரிய குரல். "கதவத் தாப்பா போட்டு வச்சா பிள்ள எப்பிடி வெளிய வரும்? நீங்களே சொல்லுங்க. பேறு வலி வந்தா நாங்க வீட்டுல ஒரு பூட்டு விடமாட்டோம். பெட்டி, பத்தாயம், மாட்டுக்க கயிறு, தலமுடி எல்லாத்தயும் அவுத்துப் போட்டுருவோம். அன்னைக்கு நான் மரத்தடியில நின்னு அந்தக் கதவத்தான் பாத்துட்டு நின்னேன். தொறக்கவே இல்ல."

இந்த வழக்கத்தை மிட்வைஃப் வகுப்பில் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான். அன்று சிரிப்பு வரவில்லை.

செல்லத்தாய் சுவரோரம் பாயில் இருந்தாள். அதுவரைக்கும் வாயே திறக்காதவள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "வீட்டுலன்னா நீங்க வாங்க. வேற ஆளு எனக்கு வேண்டாம்."

என் கைராசி அந்த ஊர்வரை பரவிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வயசின் கொழுப்பு, வேறென்ன.

டாக்டரம்மாவிடம் கேட்டால் மாட்டேன் என்பார் என்று தெரியும். ஆகவே கேட்கவில்லை. தாய்க்கோ பிள்ளைக்கோ ஒன்று ஆனால் என் சர்ட்டிபிகேட் போகும், அதைவிட, நான் இந்த வீட்டுப் படியை எந்த முகத்தோடு மிதிப்பேன்? சிவதாணுவிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். வலி கண்டதும் வில்வண்டியை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நான் 'எடு' என்றால் ஒருத்தரும் மறுபேச்சுப் பேசக்கூடாது. ஒன்பது மைல், மாடு எப்படி ஓடினாலும் இரண்டரை மணி நேரம். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் சரி என்றார். செல்லத்தாய் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

3. பை

விடியும்போது வலி கண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி முற்றத்தில் நின்றது. வீட்டுக்குள் பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தொழுவத்தில் மாட்டுக்குக் கயிறு இல்லாததால் பக்கத்து வீட்டுக்காரர் அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். நான் என் வேலையைப் பார்த்தேன். பாயை மாற்றினேன், வெந்நீர் வைக்கச் சொன்னேன், கத்திரியையும் நூலையும் கொதிக்க வைத்தேன், கையை லைசால் மருந்துத் தண்ணீரில் கழுவினேன். தேவையானதை எடுத்துவைத்துவிட்டு, பையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். எர்காட் மருந்துக் குப்பியும் கார்பாலிக் அமிலமும் இருக்கிற பை பூட்டித்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆஸ்பத்திரிச் சட்டம்.

ஒன்பது மணிவரைக்கும் எல்லாம் நன்றாகப் போயிற்று. பத்தரைக்கு வலி குறைந்தது. பதினொன்றுக்கு அடியோடு நின்றுவிட்டது. மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டேன். பிள்ளையின் ஹார்ட் துடிப்பு நிமிஷத்துக்கு நூற்று நாற்பது, குறை சொல்ல முடியாது. தலையும் நல்ல இடத்தில் இருந்தது. ஆனால் செல்லத்தாய் கையை இறுக்கி மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். இன்னும் அரைமணி பார்ப்பது, பிறகு வண்டி என்று முடிவு செய்தேன்.

பகவதி வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மூடிக் கிடக்கிறது எது என்று தேடுகிறாள். கடைசியில் அவள் கண் என் காலடியில் வந்து நின்றது.

"நர்ஸம்மா, உங்க பை பூட்டிக் கெடக்குல்லா!"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "ஏட்டி, பைக்கும் பேறுக்கும் என்ன சம்பந்தம்? சும்மா கெட."

அப்போது செல்லத்தாய் தலையைத் திருப்பிப் பையைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் அதையேதான் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அதுக்குள்ள என்ன வச்சிருக்கிய?" என்றாள்.

சட்டம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. சாவியை எடுத்துத் திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். சோப்பு, பஞ்சு, குப்பி, கையுறை. ஆயுதம் ஏதாவது இருக்குமென்று பயப்படுகிறாளாக்கும் என்று நினைத்து, பையைக் கவிழ்த்தே காட்டினேன். அடியிலிருந்து மடித்த வெள்ளைத் துணி வந்து விழுந்தது.

"இது எதுக்கு?"

"பிள்ளயப் பொதிய."

"உசுரோட உள்ளதப் பொதியவா, இல்லாததப் பொதியவா?"

"ரெண்டுக்கும் இதுதான்."

அவள் துணியைக் கையில் வாங்கி மெதுவாகத் தடவினாள். "அன்னைக்கு இதுலதான் பொதிஞ்சு கொண்டு போனிய. கையில பிள்ளய வச்சுகிட்டு தாப்பாள கைமுட்டியால தட்டினிய. நான் மேசையில கெடந்து பாத்துட்டுதான் இருந்தேன். வார்டுல ஒரு அக்காட்ட கேட்டு உங்க பேரத் தெரிஞ்சு வச்சுகிட்டேன்."

பகவதி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்கு உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல" என்றாள் செல்லத்தாய். "எனக்க பிள்ளய எனக்குக் காட்டல. அவனுக்க அப்பாவுக்கும் காட்டல. நீங்க ஒரு ஆளுதான் பாத்திருப்பிய. அதுக்குத்தான் உங்கள வரச் சொன்னேன். அவன் மொகம் எப்பிடி இருந்துது? சொல்லுங்க."

நிறைய முடி இருந்தது, உன் ஜாடை என்று சொல்லியிருக்கலாம். நல்ல வார்த்தை, செலவில்லாத வார்த்தை. அந்த முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"நான் பாக்கல மக்கா" என்றேன். "பாக்காதன்னு சொன்னாவ. நானும் பாக்கல."

அவள் துணியை இறுகப் பிடித்தாள். நான் மறுபடி சொன்னேன். "மொகம் எனக்குத் தெரியாது. கனம் தெரியும். நல்ல கனமா இருந்தான். தோட்டத்துக்குப் போற வழியில ரெண்டு தடவ கை மாத்திப் பிடிச்சேன். துணிக்கு வெளியே ஒரு கால் தெரிஞ்சுது. நீளமான பாதம். நான் துணிய இழுத்து மூடினேன். அப்போ உடம்புச் சூடு ஆறல."

"நீளமான பாதமா?"

"ஆமா."

"அவனுக்க அப்பாவுக்கு அப்பிடித்தான்" என்றவள் வாய்விட்டு அழுதாள். ஐந்து வருஷத்து அழுகை. பகவதி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். எந்த ஒப்பாரிக்காக நாங்கள் கதவை அடைத்தோமோ அந்த ஒப்பாரி. நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? இறுகிக் கிடந்த அவள் கை, அழ அழ மெல்ல விரிந்தது.

சற்று நேரத்தில் வலி வந்தது. அடுத்ததும் வந்தது. பை திறந்ததால் வந்தது என்று பகவதி கடைசிவரை சொன்னாள், நான் மறுத்ததில்லை. உச்சிப் பொழுதுக்கு முன்பே தலை தெரிந்தது. கொடி ஒரு சுற்று சுற்றியிருந்தது. விரலால் தளர்த்தித் தலைக்கு மேலே எடுத்துவிட்டேன். பெண் பிள்ளை. ஒரு நொடி சத்தம் இல்லை. அந்த ஒரு நொடியில் ஒன்பது மைலும் என் கண்ணுக்கு முன்னால் நீண்டு கிடந்தது. முதுகைத் தேய்த்தேன். வீறிட்டாள்.

கொடியைக் கட்டி அறுத்துவிட்டுத் துணியை விரித்தேன். செல்லத்தாய் என் கையைப் பிடித்தாள்.

"பொதியாதீங்க. முதல்ல நீங்க பாருங்க."

"நீ பாரு மக்கா, உனக்க பிள்ள."

"நான் ஆயுசுக்கும் பாப்பேன். நீங்க இப்போ பாருங்க. நல்லாப் பாத்து வச்சுக்கிடுங்க. நாளைக்கு ஆராவது கேட்டா சொல்லணும்லா?"

பார்த்தேன். நெற்றியில் ஈர முடி ஒட்டிக் கிடந்தது. இடது காது மடல் உள்பக்கமாக மடங்கியிருந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னை முறைத்தாள்.

டாக்டரம்மா என்னை நிற்க வைத்துத் திட்டினார். திட்டத்தான் வேண்டும். வீட்டுப் பிரசவம் நல்லது, ஆஸ்பத்திரி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வண்டியில் பிற்பாடு எத்தனையோ பேரை ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன், ஓடியதால்தான் பிழைத்தார்கள். ஆனால் ஒருத்தி வரமாட்டேன் என்றால், அறியாமை என்று எழுதி முடிக்காமல் முதலில் ஏன் என்று கேளுங்கள். காரணம் நாமாகவும் இருக்கலாம்.

திட்டெல்லாம் முடிந்தபின் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். உடனே மேட்ரனைக் கூப்பிட ஆள் அனுப்பினார். தாழ்ப்பாள் போக இன்னும் பல வருஷம் ஆயிற்று. ஆனால் அந்த வாரத்திலிருந்து, உயிரோடு பிறந்தாலும் இல்லாவிட்டாலும், தாய் பார்க்காமல் எந்தப் பிள்ளையின் முகத்தையும் மூடக்கூடாது என்று ஆயிற்று.

அதற்குப் பிறகு என் கையில் வந்த பிள்ளைகளை எல்லாம் பார்த்துத்தான் கொடுத்தேன். நிறைய முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. இப்போதும் வெள்ளைத் துணியை மடிக்கும்போதெல்லாம் ஒரு பாதம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதற்கு மேலே, முகம்வரை போய்ப் பார்க்க எனக்கு வழியில்லை.