நோட்டரியின் மூன்று தாள்கள்

பெரெய்ரா நகரில் அந்த வாரம் முழுக்க மழை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே யெசேனியா கிசேனோ ஏழாம் மாடி வீட்டுக்கு வந்துவிட்டாள். படப்பிடிப்பு விளக்குகளைப் பொருத்தினாள், படுக்கை விரிப்பை மாற்றினாள், மேசைமேல் மூன்று தாள்களையும் ஒரு பேனாவையும் வைத்தாள். பத்தரைக்கு ஆள் வரவேண்டும்.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. வயது வந்தவர்கள் மட்டும் பணம் கட்டிப் பார்க்கும் வீடியோக்களை எடுத்து, தன் இணையப் பக்கத்தில் போடுவது அவள் தொழில். தனியாக எடுக்கும் வரை ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு ஒரே முகம் அலுத்துவிடும். இன்னொரு ஆளோடு சேர்ந்து எடுத்தால்தான் அவர் பக்கத்துக் கூட்டம் இங்கே வரும், இந்தப் பக்கத்துக் கூட்டம் அங்கே போகும். எட்டு மாதமாக யெசேனியாவின் பக்கத்தில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். இந்த வருடம் மூன்று பேரோடு பேசி முடித்திருந்தாள். மூன்றும் நின்றுபோயின. காரணம் அந்த மூன்று தாள்கள்.

முதல் தாளில் அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு. கூட நடிக்க வருகிறவரும் அதேபோல் ஒன்று காட்டவேண்டும். பதினான்கு நாளுக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும். படமாகக் காட்டினால் போதாது, பரிசோதனைக் கூடத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து, எண்ணைப் போட்டு, அவள் கண் முன்னால் காட்டவேண்டும். இரண்டாவது தாள், என்ன செய்வோம், என்ன செய்யமாட்டோம், வீடியோ யார் பக்கத்தில் வரும் என்ற ஒப்பந்தம். யாராவது ‘பாலம்’ என்று சொன்னால் அந்த நொடியே கேமரா நிற்கும், கை விலகும் என்பதும் அதில் இருந்தது. மூன்றாவது தாளில் வருகிற ஆட்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும். அட்டையை முகத்தோடு சேர்த்துப் பிடித்து ஒரு படமும் எடுக்கவேண்டும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவளுக்கு ‘நோட்டரி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் நாட்டில் நோட்டரியிடம் போய்க் கைரேகை வைத்து முத்திரை குத்தாமல் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைக்கூட விற்க முடியாது. நோட்டரி என்றாலே எல்லோருக்கும் எரிச்சல். பெயரை வைத்தவள் மனிசாலெஸ் ஊரைச் சேர்ந்த தத்தியானா. “நோட்டரி முத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி முத்திரை குத்துவா, பாத்துக்கங்க” என்று எழுதியிருந்தாள். நாற்பது பேர் சிரித்திருந்தார்கள்.

யெசேனியா பிறக்கும்போதே நோட்டரியாகப் பிறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் காலி என்ற நகரில் ஒருவன் வீட்டுக்கு ஒரு தாளும் இல்லாமல் போனாள். அவன் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். வேண்டாம் என்று அவள் சொன்னது மூன்றாவது தடவைதான் அவன் காதில் விழுந்தது. அலமாரியில் இன்னொரு போன் ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. அந்த வீடியோ எங்கெங்கோ போயிற்று. புகார் கொடுக்கப் போனபோது எழுதிக்கொண்டவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அங்க எதுக்குப் போனே?” என்றார்.

அதற்குப் பிறகு அவள் யார் வீட்டுக்கும் போவதில்லை, தன் வீட்டுக்கும் யாரையும் கூப்பிடுவதில்லை. நாள் வாடகைக்கு இந்த ஏழாம் மாடி வீட்டைத்தான் எடுப்பாள். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் டோன் எவேலியோ. சொந்தத் தம்பி வந்தாலும் அடையாள அட்டை எண்ணைப் பதிவேட்டில் எழுதாமல் மேலே விடமாட்டார் என்று பெயரெடுத்தவர். இன்னொன்று, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நகப்பூச்சுக் கடை வைத்திருக்கும் தோழி மார்லேனி. போன் பண்ணி “குளியலறைல வெந்நீர் வரல” என்று யெசேனியா சொன்னால், மார்லேனி உடனே மேலே வரவேண்டும். இதுவரை அந்த வார்த்தை தேவைப்பட்டதில்லை.

இன்று வருகிறவன் எடில்சன். பெயர் பெற்றவன். வெளிர்நிறக் கண் என்பதால் எல்லோரும் ‘சார்கோ’ என்பார்கள். அடுத்த வாரம் வெளிநாடு போகிறான், அதற்குமுன் ஒரு வீடியோ எடுத்துவிடலாம் என்று அவனாகவே கேட்டிருந்தான். தாள்களுக்கெல்லாம் சரி என்றும் சொல்லியிருந்தான். இந்த ஒன்று நடந்தால் பக்கம் நிமிர்ந்துவிடும். அவள் தலைமுடிக்கு மட்டும் இரண்டு மணி நேரம் செலவழித்திருந்தாள்.

பதினொன்றே காலுக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் இரண்டு பேர்.

“என் ராணி! மழையில பஸ்ஸே நகரல” என்று எடில்சன் அவள் கன்னத்தில் முத்தம் வைத்தபடி உள்ளே வந்தான். பின்னால் வந்தவன் கதவைச் சாத்தி, அதன்மேலேயே சாய்ந்து நின்றான்.

“இவர் யாரு?”

“கேமராவுக்கு. என் தம்பி மாதிரி. ஊமைன்னு நெனச்சுக்க, பேசவே மாட்டான்.”

“ஒருத்தர்னுதானே பேசினோம்?”

“ராணி, நான் நடிப்பேனா, கேமராவப் பாப்பேனா?”

யெசேனியா கோபத்தை அடக்கிக்கொண்டு முதல் தாளை நகர்த்தினாள். அவன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். பரிசோதனை முடிவுதான். தேதி இருக்கவேண்டிய மேல்பகுதி மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

“பக்கத்தத் திறந்து எண்ணப் போடு.”

“சிக்னல் இல்ல.”

“இங்க வைஃபை இருக்கு. இந்தா பாஸ்வேர்டு.”

“அந்த எண்ணு எங்க வெச்சேன்னு ஞாபகம் இல்ல.” அவன் சிரித்தான். “சும்மா சொல்றாங்கன்னு பாத்தேன். நீ நெஜமாவே நோட்டரிதான். எத்தன வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்கு என்ன வந்திருக்கு?”

“அதத்தான் காட்டுங்கறேன்.”

கதவில் சாய்ந்திருந்தவன் சிரித்தான். ஊமை இல்லை.

“அடையாள அட்டை?”

“கீழ காட்டியாச்சு.”

அவள் இன்டர்காமை எடுத்தாள். “டோன் எவேலியோ, ஏழாம் மாடிக்கு வந்தவங்க அட்டை எண்ணச் சொல்லுங்க.”

மறுமுனையில் இருமல். “அது வந்து யெசேனியாம்மா… எழுதலம்மா.”

“எழுதலையா?”

“தெரிஞ்ச முகமா இருந்துச்சு.”

“அவரு வேற ஊரு, பூகாவிலேர்ந்து வர்றாரு! உங்களுக்கு எப்படித் தெரியும்?”

இன்னொரு இருமல். பிறகு மெல்லிய குரல்: “பாத்திருக்கேம்மா. போன்ல.”

அறுபத்திரண்டு வயது மனிதர். தபால்காரரையே நிற்கவைத்து எழுதுகிறவர். அவர் எடில்சனின் பக்கத்துக்குப் பணம் கட்டிப் பார்க்கிறார் என்பதை யெசேனியா எந்தத் தாளில் எழுதிவைத்திருக்க முடியும்?

அவள் திரும்பியபோது ஊமைத் தம்பி தன் போனைப் புத்தக அலமாரியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தான். அதை அங்கிருந்து எடுக்கச் சொன்னாள். “சும்மா வெளிச்சம் பாக்கறேன்” என்றான் அவன். தன் போனில் மார்லேனியைக் கூப்பிட்டாள்.

“குளியலறைல வெந்நீர் வரல.”

“வர்றேன்டீ.”

“நமக்கெதுக்கு வெந்நீர்?” என்றான் எடில்சன். “சூடாத்தான் வந்திருக்கேன்ல.”

நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் அவள் படுக்கைப் பக்கம் போகாமல், மேசைக்கு இந்தப் பக்கமே நின்று, ஒப்பந்தத்தை வரிவரியாக உரக்க வாசித்தாள். எடில்சன் கொட்டாவி விட்டான். பிறகு கதவு படபடவென்று தட்டப்பட்டது. மறுபடி கதவில் சாய்ந்திருந்த தம்பி நகர்வதற்குள் அது திறந்து அவன் முதுகில் இடித்தது. மார்லேனி நின்றாள். பக்கத்தில் பத்து விரல்களையும் விரித்துப் பிடித்தபடி ஒரு பருத்த அம்மாள். ஐந்து நகங்களுக்கு மட்டும் சிவப்புப் பூச்சு.

“வாடிக்கைக்காரம்மாவ பாதில விட்டுட்டு வர முடியல, கூட்டிட்டே வந்துட்டேன்” என்றாள் மார்லேனி மூச்சுவாங்க. “யாருடா கதவ மறிச்சிட்டு நிக்கறது?”

அந்த அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். “குழாய் ரிப்பேருக்கு ரெண்டு பேரா வந்திருக்காங்க?”

யெசேனியா அலமாரிப் போனை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தாள். “முதல்ல எடுத்தத அழி. என் கண்ணு முன்னாடி. அப்புறம் போங்க.”

மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க அவன் அழித்தான். எடில்சன் சட்டைக் காலரைச் சரிசெய்தான். “என்னால உனக்கு எவ்வளவு பேர் வந்திருப்பாங்க தெரியுமா? உன் பக்கம் தாளோட தாளா மக்கிப் போகட்டும். குழுவுல எழுதறேன் பாரு.”

எழுதினான். லிஃப்ட் கீழே போய்ச் சேர்வதற்குள் எழுதிவிட்டான். நாற்பது சிரிப்புகள் வரத் தொடங்கின.

யெசேனியா படியிறங்கி வாசலுக்குப் போனாள். டோன் எவேலியோ பதிவேட்டைத் திறந்து வைத்துத் தலைகுனிந்திருந்தார். “இப்ப எழுதிடறேம்மா” என்றார்.

“என்னன்னு எழுதுவீங்க? சார்கோன்னா? அவனோட அட்டைல அந்தப் பேரா இருக்கும்?”

“என் பொண்டாட்டிகிட்ட…”

“உங்க பொண்டாட்டிகிட்ட நான் எதுக்குச் சொல்றேன்? நீங்க எதப் பாத்தா எனக்கென்ன? நான் உங்களுக்காகத்தானே இந்தக் கட்டடத்துக்கு வர்றேன்! அந்த ஒரு வரி எழுதிருந்தா நான் மேல அப்படி பயந்துக்கிட்டு நின்னிருக்க மாட்டேன்.”

அவர் பேனாவை எடுத்தார். வந்த நேரத்தையும் போன நேரத்தையும் மட்டும் எழுதினார்.

மார்லேனி பக்கத்துத் தின்பண்டக் கடையிலிருந்து சமோசா மாதிரியான எம்பனாடா ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டு வாடகை மாலைவரை இருந்தது. தனியாகவாவது ஏதாவது எடுக்கலாம் என்று யெசேனியா மேலே போனாள். விளக்கைப் போட்டாள். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். விளக்கை அணைத்துவிட்டு, விரிக்கப்பட்ட படுக்கையில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து எம்பனாடாவைத் தின்றாள். நான்காவதும் போயிற்று. செய்ததில் எது தப்பு என்று தேடினாள். ஒன்றும் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

போன் ஒலித்தது. குழுவில் இல்லை, தனியாக வந்த செய்தி. தத்தியானா.

“நோட்டரி, எனக்கு செவ்வாக்கிழமை அவனோடதான் ஷூட். அந்தத் தாளுங்கள கொஞ்சம் அனுப்பேன். குழுவுல சொல்லிடாத.”

‘எனக்குப் பெயர் வைத்த குழுவிலேயே வந்து கேள்’ என்று யெசேனியா எழுதினாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லோர் முன்னாலும் கேட்டால்தான் நாளைக்கு இன்னொருத்தி சிரிக்காமல் கேட்பாள். ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. எழுதியதை அழித்தாள்.

மூன்று தாள்களையும் படமெடுப்பதற்குமுன் மூன்றாவது தாளின் அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்தாள்: வாட்ச்மேன் எழுதிவிட்டார் என்று நம்பாதே, நீயே கீழே இறங்கிப் போய்ப் பார்.

பிறகு அனுப்பினாள். தத்தியானாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. குழுவில் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.